உள்ளூர்ச் செய்தி ஆசிரியர்: வேலையும் ஊர் வாழ்க்கையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர்ப் பதிப்பு ஒன்றில் நிருபராகச் சேர்ந்து, பிறகு அதன் செய்தி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இங்கே உள்ள கேள்விகளை மூன்று தரப்பினர் கேட்டிருக்கிறார்கள்: இதழியல் மாணவர்கள், வேலைக்குப் புதிதாக வந்த நிருபர்கள், செய்தியில் தங்கள் பெயரைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு படியேறி வந்தவர்கள். கூர்மையான கேள்விகள் பெரும்பாலும் மூன்றாம் தரப்பிலிருந்தே வந்தன.

கேள்வி: உள்ளூர்ச் செய்தி ஆசிரியர் என்னதான் செய்கிறார்?

எது செய்தி, எது செய்தியாகாது என்று தீர்மானிக்கிறார். நிருபர்களை அனுப்புவது, வந்ததைத் திருத்துவது, தலைப்பு வைப்பது, பக்கத்தில் இடம் ஒதுக்குவது எல்லாம் அதன் பின்னால் வருபவை. சிறிய இதழ் என்றால் புகைப்படம் எடுப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் பத்திரிகைக் கட்டு வண்டியில் ஏறியதா என்று விசாரிப்பதும்கூட அவர் தலையில்தான்.

தலைநகரிலிருந்து வரும் பெரிய நாளேட்டின் ஆசிரியர் அமைச்சரைத் தாக்கி எழுதலாம். மறுநாள் காலை அந்த அமைச்சரோடு ஒரே வரிசையில் நிற்கப் போவதில்லை. உள்ளூர் ஆசிரியரோ, தாம் விமர்சித்த தலைமை ஆசிரியையைப் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதே பார்த்தாக வேண்டும். நேரில் பார்க்க வேண்டுமே என்பதால் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். அதே காரணத்தால் சிலவற்றை எழுதாமலும் விட்டுவிடுகிறோம். கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

கேள்வி: ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை ஆகிய மூன்று இடங்களுக்கும் தொலைபேசி. பிறகு அன்று எந்தெந்தக் கூட்டம், யார் போகிறார்கள் என்ற பட்டியல். பகல் முழுவதும் அலைச்சலும் அழைப்புகளும். மாலையில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கும்.

ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன். நகரசபைக் கூட்டத்துக்குப் போய்வந்த இளம் நிருபர் அனுப்பிய செய்தி, “நேற்று நடைபெற்ற கூட்டத்தில் பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன” என்று தொடங்கியது. கூட்டம் என்றால் தீர்மானம் நிறைவேறத்தான் செய்யும். அதில் என்ன இருக்கிறது? கீழே கீழே போனால் ஏழாவது பாராவில், குடிநீர்க் குழாய் மாற்றுவதால் மூன்று தெருக்களுக்குப் பத்து நாட்கள் தண்ணீர் வராது என்று போகிற போக்கில் ஒரு வரி. அதை மேலே தூக்கி முதல் வரியாக்கினேன். “எந்த மூன்று தெரு?” என்று கேட்டால், நிருபரின் குறிப்பேட்டில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. பொறியாளரை வீட்டில் பிடித்துக் கேட்டோம். மூன்றாவது தெருவில் டயாலிசிஸ் மையம் இருந்தது. அந்த மையத்துக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை என்பதும் அந்த இரவில்தான் தெரிந்தது. ஏழாவது பாராவில் கிடந்த ஒரு வரி மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது.

கேள்வி: இதழியல் பட்டம் இருந்தால்தான் இந்த வேலை கிடைக்குமா?

இருந்தால் நல்லது, முக்கியமாகச் சட்டம் பற்றிய பாடத்துக்காக. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, சிறார் அடையாளம் ஆகியவற்றில் எது குற்றம் என்று தெரியாமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது. மற்றவற்றை வேலையில் கற்றுக்கொள்ளலாம். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் தொடங்கிய கபர் லஹரியா இதழை நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். பலர் தலித்துகள், அதிகம் பள்ளிக்குப் போகாதவர்கள். உள்ளூர் வழக்கான புந்தேலியில் எழுதினார்கள். கைப்பம்பு ஓடவில்லை, சாலை வரவில்லை என்று அவர்கள் எழுதியவற்றை எழுத வேறு நாளேடுகளில் ஆள் இல்லை.

கேள்வி: நிருபராக இருந்து ஆசிரியராவது எப்படி?

நிருபர், மூத்த நிருபர், துணை ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்பது வழக்கமான ஏணி. சிறிய இதழ்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அடுத்த நாற்காலிக்கு நகர்த்தப்படுவதே நிஜமான பதவி உயர்வு. நல்ல நிருபர்கள் எல்லோரும் நல்ல ஆசிரியர்கள் ஆவதில்லை. செய்தியைத் தேடி ஓடுவதில் கிடைக்கும் போதை, இன்னொருவர் தேடிக்கொண்டு வந்ததை உட்கார்ந்து செப்பனிடுவதில் கிடைக்காது. பைலைனும், அதாவது செய்தியின் மேல் எழுதியவர் பெயரும், இருக்காது. இதைத் தாங்க முடியாமல் திரும்பவும் நிருபராகப் போனவர்கள் உண்டு. அவர்கள் செய்தது சரி என்பேன்.

கேள்வி: பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஏன் இத்தனை கலவரம்?

பெரும்பாலானவர்களின் பெயர் பத்திரிகையில் ஆயுளில் இரண்டு மூன்று முறைதான் வருகிறது. பரிசு வாங்கும்போது, எதற்காவது தேர்ந்தெடுக்கப்படும்போது, இறக்கும்போது. அந்தத் துண்டை வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தத் தாளில் அப்பாவின் பெயர் தப்பாகவே இருக்கும்.

புதிதாக வந்தவரை இரங்கல் செய்தியில் பழக்குவது பல செய்தி அறைகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அனுபவம் உள்ளவரிடம்தான் கொடுப்பேன். ஒரு முறை இறந்தவரின் மூத்த மகனிடம் விவரம் கேட்டு, மகன்கள் மூவர் என்று போட்டோம். மறுநாள் காலை ஒருவர் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. “நானும் அவருக்குப் பிறந்தவன்தான் சார்” என்றார். வீட்டைவிட்டு எப்போதோ போன நான்காவது மகன். அன்றிலிருந்து, “வேறு யாராவது உண்டா?” என்ற கேள்வியைக் குடும்பத்தில் இரண்டு பேரிடம் தனித்தனியே கேட்பது எங்கள் விதியானது. இறப்புச் செய்தி சொல்லி அழைப்பவரை அந்த எண்ணுக்கே திரும்ப அழைத்து உறுதி செய்வதும் விதி. உயிரோடு இருப்பவரைச் சாகடித்து விளையாடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

உள்ளூர் ஆசிரியர்களில் பெரிய பெயரான வில்லியம் ஆலன் வைட், அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா கெஜட் என்ற சிறு நாளேட்டை 1895இல் வாங்கி நடத்தியவர். 1921இல் அவருடைய பதின்வயது மகள் மேரி இறந்தபோது இரங்கல் கட்டுரையை அவரே எழுதினார். அதில் முதல் வேலையாக ஒரு தவறைத் திருத்தினார். குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகச் செய்தி நிறுவனம் சொல்லியிருந்தது. மகள் ஒருநாளும் குதிரையிலிருந்து விழுந்தவள் அல்ல. குதிரைமேல் போகும்போது மரக்கிளை தலையில் மோதியது. மகளைப் பறிகொடுத்த நேரத்திலும் அந்த மனிதருக்கு விவரம் பிசகியது பொறுக்கவில்லை. அதைப் படித்த பிறகு, பெயர்ப் பிழைக்காகக் கத்துகிறவர்களைப் பார்த்து நான் எரிச்சல்படுவது நின்றது.

கேள்வி: சலிப்பூட்டும் கூட்டங்களுக்கு ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆம். சலிப்பாக இருக்கிறது என்பதாலேயே அனுப்ப வேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த அறையில்தான் துணிச்சலான காரியங்கள் நடக்கின்றன.

கலிஃபோர்னியாவில் பெல் என்றொரு சிறு நகரம். ஏறத்தாழ 36,000 பேர், பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அதன் நிர்வாகி ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். நகர மன்றத்தின் பகுதிநேர உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு லட்சம் டாலருக்கு நெருக்கமாக வாங்கினார்கள். அங்கே வழக்கமாகப் போய் உட்காரும் நிருபர் எவரும் இல்லை. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் பக்கத்து ஊரான மேவுட்டின் நிர்வாகக் குளறுபடியை விசாரித்துக்கொண்டு போனபோது, கிட்டத்தட்டத் தற்செயலாக இது அகப்பட்டது. ரிசோ சிறைக்குப் போனார். அந்தச் செய்திக்கு 2011இல், அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைவிட என்னை உறுத்துவது அதற்கு முந்தைய ஆண்டுகள். சம்பளத்தை ஏற்றிய தீர்மானங்கள் நிறைவேறிய அறையில் குறிப்பேட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதுமே.

கடன் கொடுப்பவர்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட பகுதிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், அதன்பின் அங்குள்ள உள்ளாட்சிகள் கடனுக்குக் கூடுதல் வட்டி கட்ட நேர்ந்ததைக் கண்டார்கள். கண்காணிக்க ஆள் இல்லாத கணக்கு ஆபத்தானது என்று சந்தை கணித்துவிடுகிறது.

நிருபர்களுக்கு நான் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு. கூட்டம் முடிந்ததும் கிளம்பாதீர்கள். நாற்காலிகள் மடக்கப்படும் வரை நில்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வராத வாக்கியங்கள் அப்போதுதான் வாயிலிருந்து வரும்.

கேள்வி: நண்பர் அல்லது உறவினர் பெயர் செய்தியில் வந்தால் என்ன செய்வீர்கள்?

விதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். குடிபோதையில் வண்டி ஓட்டிய வழக்கு என்றால் எல்லோர் பெயரும் வரும், அல்லது யார் பெயரும் வராது. ஆளைப் பார்த்த பிறகு விதி எழுத உட்கார்ந்தால் அது விதியாக இருக்காது. நெருங்கியவர் சம்பந்தப்பட்டிருந்தால் பக்கத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, நானும் தவறியிருக்கிறேன். எடை குறைத்து விற்றதற்காகப் பதினோரு கடைகளுக்கு அபராதம். பட்டியலில் ஒன்று என் நண்பருடையது. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்துப் பெயர்களைப் போட்டேன். யாருக்குத் தெரியும் என்று நினைப்பு. மற்ற பத்துப் பேருக்கும் தெரியுமே! மறுநாள் மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. கடைசியில் விடுபட்ட பெயரை, விடுபட்ட காரணத்தோடு, தனியாக வெளியிட வேண்டியதாயிற்று. பதினொன்றோடு பதினொன்றாகக் கரைந்து போயிருக்க வேண்டியவர் தனிச் செய்தியானார். அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “நான் உன்னிடம் கேட்டேனா?” கேட்கவில்லைதான்.

கேள்வி: ஆசிரியர் ஊர்ச் சங்கங்களில் சேரலாமா? கட்சியில்?

கட்சி கூடாது. சங்கம் என்பது சிக்கலான கேள்வி. எதிலுமே சேராதவர் ஊரைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பவர் ஆகிவிடுவார். விளையாட்டுக் குழுவில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, நூலகத்தில் ஏன் புத்தகம் வாங்குவது நின்றது என்பதெல்லாம் அவர் காதுக்கு வராது. எல்லாவற்றிலும் சேர்ந்தவருக்கு எதையும் எழுத முடியாது. ரத்ததானக் குழுவில் உறுப்பினராக இருங்கள், பொருளாளர் ஆகாதீர்கள். பணம், பதவி, கையெழுத்து மூன்றும் வேண்டாம். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்வதையும் தவிர்ப்பது நல்லது. போர்த்தியவர் பெயர் என்றைக்காவது செய்தியில் வரும். அன்று அந்தப் புகைப்படத்தைத்தான் எல்லோரும் தேடி எடுப்பார்கள்.

கேள்வி: விளம்பரதாரர்கள் மிரட்டினால்?

மிரட்டுகிறவரைச் சமாளிக்கலாம். மிரட்டாதவர்தான் பிரச்சினை: அவர் எதுவும் சொல்லாமலே நாமாக ஊகித்து வார்த்தைகளை மென்மையாக்குகிறோம்.

ஹேஸல் பிரானன் ஸ்மித் என்ற பெண்மணி மிசிசிப்பியில் லெக்சிங்டன் அட்வர்டைசர் என்ற வார இதழை நடத்தினார். 1954இல் கறுப்பின இளைஞர் ஒருவரைச் சுட்ட உள்ளூர்க் காவல் தலைவரைக் கண்டித்து எழுதினார். அவதூறு வழக்கு வந்தது, மேல்முறையீட்டில் வென்றார். ஊரிலிருந்த வெள்ளை இனவாத அமைப்பு அவருக்கு விளம்பரம் வராமல் தடுத்தது. போட்டி இதழையே ஆரம்பிக்க வைத்தது. 1964இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் பரிசு பெற்ற முதல் பெண் அவர். பரிசு கடனை அடைக்கவில்லை. 1985இல் இதழ் நின்றுபோனது. இந்தக் கதையை மாணவர்களிடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1964ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தப்பிப் பிழைத்தவர்களும் உண்டு. அயோவாவின் ஸ்டார்ம் லேக் டைம்ஸ் வாரம் இருமுறை வெளிவந்த இதழ். சுமார் 3,000 படிகள். குடும்பத்தார்தான் பாதி ஊழியர்கள். அதன் ஆசிரியர் ஆர்ட் கலன், விவசாயத் துறையின் பெரும் நிறுவனங்களைத் தம் மாநிலத்திலேயே எதிர்த்து எழுதிய தலையங்கங்களுக்காக 2017இல் புலிட்சர் பெற்றார். வருமானம் பல கைகளிலிருந்து சிறிது சிறிதாக வந்தால் இப்படி நிற்க முடியும். ஒரே விளம்பரதாரரிடமிருந்து பாதி வருமானம் வரும் இதழை அவர்தான் நடத்துகிறார் என்று பொருள். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும்.

கேள்வி: சிறு ஊரில் இந்த வேலைக்கு ஆபத்து உண்டா?

உண்டு. கென்டக்கி மலைப்பகுதியில் டாம், பாட் கிஷ் தம்பதியர் நடத்திய மவுண்டன் ஈகிள் வார இதழின் முகப்பில் “இது அலறுகிறது” என்ற வாசகம் இருக்கும். 1974இல் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அடுத்த இதழ் வந்தது. வாசகம் “இது இன்னும் அலறுகிறது” என்று மாறியிருந்தது.

இது பழைய கதை என்பவர்களுக்கு: 2023 ஆகஸ்ட் 11 அன்று கேன்சஸ் மாநிலத்தில் மரியன் கவுண்டி ரெக்கார்ட் என்ற வார இதழின் அலுவலகத்திலும் ஆசிரியர் எரிக் மேயர் வீட்டிலும் போலீசார் புகுந்து கணினிகளையும் தொலைபேசிகளையும் அள்ளிச் சென்றார்கள். இதழின் பங்குதாரரான அவருடைய தாயார் ஜோன் மேயருக்கு வயது 98. மறுநாள் இறந்துபோனார். போதுமான ஆதாரம் இல்லையென்று சோதனை ஆணையைச் சில நாட்களில் அரசு வழக்கறிஞரே திரும்பப் பெற்றார். ஊழியர்கள் இரவெல்லாம் விழித்திருந்து அந்த வார இதழைக் குறித்த நாளில் கொண்டுவந்தார்கள்.

அன்றாடம் சந்திப்பது இந்த அளவுக்குப் போகாது. வண்டி டயரில் காற்று இறங்கியிருக்கும். பிள்ளையை விளையாட்டுக்கு அழைக்க மாட்டார்கள். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

கேள்வி: ஊரே விரும்பாத செய்தியை விட்டுவிட்டால் என்ன நஷ்டம்?

2004 ஜூலை 4 அன்று, கென்டக்கியின் லெக்சிங்டன் ஹெரால்டு-லீடர் நாளேடு முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் வெளியிட்டது. கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தைத் தாங்கள் செய்தியாக்கத் தவறிவிட்டதாகவும், அந்த விடுபடலுக்கு வருந்துவதாகவும். பெயர்ப் பிழைக்குப் போடும் திருத்தத்தின் அதே நடையில், நாற்பது ஆண்டுத் தாமதத்தில். உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தபோது அன்றைய ஆசிரியர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலோ, உள்பக்கத்தில் ஒதுக்கினாலோ அடங்கிவிடும் என்று எண்ணினார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போனவர்கள், அவ்வளவே. எனக்கு அதுதான் பயம்.

கேள்வி: தற்கொலைச் செய்திகளை எப்படிக் கையாள வேண்டும்?

முறையை எழுதாதீர்கள். இடத்தின் படம் வேண்டாம். ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள். தேர்வில் தோற்றதால் என்று தலைப்பு வைத்தால், தேர்வில் தோற்ற அத்தனை பிள்ளைகளுக்கும் அது ஒரு வழியாகத் தெரியும். உதவி எண்ணைச் சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கான வழிகாட்டுதல்களை 2000இலிருந்து வெளியிட்டு வருகிறது. இவை வெறும் நல்லெண்ணத்தில் எழுதப்பட்டவை அல்ல. வியன்னாவில் சுரங்க ரயில் முன் பாய்வது தொடர்ந்து பரபரப்புச் செய்தியாகிக்கொண்டிருந்த காலத்தில், 1987இல் பத்திரிகைகள் அப்படி எழுதுவதை நிறுத்தின. அத்தகைய சம்பவங்கள் சடாரென்று குறைந்தன.

கேள்வி: திருத்தம் போடுவது மதிப்பைக் குறைக்காதா?

குறைக்காது. தவறு எங்கே வந்ததோ அந்தப் பக்கத்திலேயே, சுற்றி வளைக்காமல் போடுங்கள். “தவறு நேர்ந்திருந்தால் வருந்துகிறோம்” என்ற வாக்கியத்தை எங்கள் அறையில் தடை செய்திருந்தேன். நேர்ந்ததா, இல்லையா?

கேள்வி: பழைய செய்தியை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

இப்போது எந்த ஆசிரியருக்கும் அதிகம் வரும் கடிதம் இதுதான். பத்தொன்பது வயதில் சின்னத் திருட்டு, இன்று முப்பத்தைந்து வயது, வேலை தேடும் இடமெல்லாம் அந்தச் செய்தி முதலில் வந்து நிற்கிறது. அச்சில் இருந்தபோது மறுநாள் பொட்டலம் கட்டிய தாள் இப்போது சாகாமல் இருக்கிறது.

ஸ்பெயினில் ஒருவரின் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் லா வான்கார்டியா நாளேட்டில் வெளியானது. கடன் தீர்ந்த பிறகும் கூகுளில் அவர் பெயரைத் தேடினால் அதுதான் வந்தது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம், தேடல் முடிவிலிருந்து இணைப்பை எடுக்குமாறு கோரும் உரிமை அவருக்கு உண்டு என்றது. நாளேட்டின் பக்கம் அப்படியே இருந்தது. கிளீவ்லாண்ட்.காம் 2018இல் வேறு வழியில் போனது. சிறு குற்றங்களில் சிக்கிய சாதாரண மக்களின் கோரிக்கைகளை ஒரு குழு கூடிப் பேசி, தேவைப்பட்டால் பெயரை நீக்கியது.

நான் இரண்டாவது கட்சி. வன்முறையும் பொதுப்பதவியில் இருந்தவர்களின் முறைகேடும் நிற்கட்டும். மற்றவற்றை ஒருவராக முடிவு செய்யாமல் மூன்று பேர் உட்கார்ந்து பேசுங்கள். பெயரை எடுத்தால், எடுத்ததாக அடியில் ஒரு வரி எழுதுங்கள். வழக்கில் விடுதலையானவர் என்றால் பேச்சே தேவையில்லை. விடுதலையை நாம் செய்தியாக்கவில்லை என்றால் குற்றவாளி நாம்தான்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவிலேயே ஊர்ச் செய்தி வந்துவிடுகிறதே, ஆசிரியர் எதற்கு?

வருகிறது. பல நேரம் எங்களுக்கு முன்பே. 2016 நவம்பரில் லண்டனின் கிரென்ஃபெல் டவர் குடியிருப்பாளர்கள், பெரும் விபத்து நடந்தால்தான் நிர்வாகம் விழிக்கும் என்று தங்கள் வலைப்பதிவில் எழுதினார்கள். 2017 ஜூனில் கட்டிடம் தீப்பற்றியது. 72 பேர் இறந்தார்கள். மக்கள் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்து, பதில் வரும்வரை உட்கார்ந்திருக்கும் உள்ளூர் நிருபர் அங்கே இல்லை. அமெரிக்காவில் 2005க்கும் 2022க்கும் இடையில் ஏறத்தாழ 2,500 பத்திரிகைகள் மூடப்பட்டன, பெரும்பாலும் வார இதழ்கள். அந்த ஊர்களிலும் வாட்ஸ்அப் போன்றவை இருக்கத்தான் செய்கின்றன.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமா?

பேச்சை எழுத்தாக்க, நீண்ட ஆவணத்தில் ஒரு பெயரைத் தேட நன்றாகவே உதவுகிறது. 2023 ஆகஸ்டில் ஒஹாயோவின் கொலம்பஸ் டிஸ்பாட்ச் நாளேடு பள்ளி விளையாட்டுச் செய்திகளை இயந்திரத்தை வைத்து எழுதியது. ஒரு செய்தியில் வென்ற அணியின் சின்னத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், “வென்ற அணியின் சின்னம்” என்ற நிரப்பப்படாத கட்டமே அப்படியே வெளிவந்தது. அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். இயந்திரத்தைவிட, யாரும் படிக்காமல் வெளியானதுதான் என்னை உறுத்தியது.

கேள்வி: சம்பளம்? குடும்பம்?

சம்பளம் குறைவு. இதற்கு நீண்ட பதில் எழுதினாலும் கூடப் போவதில்லை.

குடும்பம்தான் அதிகம் சுமக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் செய்தியை எழுதவும் இல்லை, தடுக்கவும் முடியாது. கடைத்தெருவில் கேள்வி மட்டும் அவர்களிடம்தான் வரும். என் மனைவி ஒரு பதில் வைத்திருந்தாள்: “நானும் காலையில்தான் படித்தேன்.” அது உண்மையும்கூட. வீட்டில் செய்தி பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தோம். தேர்தல் இரவுகளில் மட்டும் மீறுவோம்.

கேள்வி: நாளை வேலையில் சேர்கிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

குறிப்பேடு, பேனா, கூடவே ஒரு பென்சில். மழையில் நனைந்த தாளில் பேனா எழுதாது. சட்டைப் பைக்குள் அடங்கும் குறிப்பேடாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஊரின் வரைபடம் ஒன்று. முதல் வாரம் எதுவும் எழுத வேண்டாம், எல்லாத் தெருவிலும் நடந்துவிட்டு வாருங்கள். அந்த டயாலிசிஸ் மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஆறாவது நாள் கேட்பேன்.